அயிரைக்குப் பால், லோடுமேனுக்கு 'நாளைக்கு வா'

கேள்வி: தவக்காலம் முழுக்கச் சைவம்தான் சாப்பிடுகிறேன். இதற்கு மேல், கடையிலும் வீட்டிலும் சொல்லாலும் செயலாலும் என் விசுவாசத்தை எப்படி வெளிப்படுத்தலாம்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: சைவம் என்றால் எந்தச் சைவம்? மதுரையில் வெள்ளிக்கிழமைச் சைவம் என்று தனியாக ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தடுப்பது இறைச்சியைத்தான்; மீனும் முட்டையும் தப்பில்லை. அந்தச் சந்து போதாதா நம்மவர்களுக்கு? ஆட்டுக்கறியைவிட விலை கூடிய அயிரையை உயிரோடு வாங்கி, மண்ணைக் கக்கும்வரை பாலில் நீந்தவிட்டு, கல்லுப்புப் போட்டு உரசி, வழுவழுப்புப் போக நாலு தண்ணீரில் அலசி, சின்ன வெங்காயமும் புளியும் கூட்டிக் குழம்பு கொதிக்கும்போது வீட்டில் சொல்வார்கள்: "இன்னைக்கு ஒறுத்தல்." அன்றைக்கு அந்த வீட்டில் ஒறுத்தல் அனுபவித்த ஒரே ஜீவன் அயிரைதான். அதுவும் பால் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. மீனைத் தொடாதவர்களோ காலிஃபிளவர் 65, பனீர் பட்டர் மசாலா என்று கறிக்காசைத் தாண்டிவிடுகிறார்கள்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 14 வயது நிறைந்தவர்கள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலும் வெள்ளிகளிலும் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். நோன்பு சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள், அதுவும் 18 நிறைந்தவர் முதல் 59 நிறையும்வரை உள்ளவர்களுக்கு. ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு சாப்பாடு. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டை எட்டக் கூடாது. கறி வாங்காமல் மிச்சமான காசை அன்று இரவே ஏழைகளுக்கென்று ஒரு தனி டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பெட்ரோலிலும் ரீசார்ஜிலும் கரைந்துவிடும். அதற்குப் பெயர் சிக்கனம், தர்மம் இல்லை.

கடை என்று கேட்டீர்களே, அங்கே வருவோம். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி திருப்பலியில், விவிலியத்தில் எசாயா இறைவாக்கினரின் 58ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். நோன்பு நாளிலும் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று நேரடியாகவே திட்டுகிறார். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கிய லோடுமேனிடம் "சில்லறை இல்லப்பா, நாளைக்கு வாங்கிக்க" என்கிறவருக்காக எழுதியது மாதிரியே இருக்கும். பொழுது சாயுமுன் கூலியைக் கொடு என்பது இணைச்சட்டம் 24:15. காலையில் கல்லாவைத் திறந்ததும் கூலிக்கென்று பத்தும் ஐம்பதுமாகத் தனியே எடுத்து வைத்துவிட்டால் சாயங்காலம் 'சில்லறை இல்லப்பா' வாயில் வராது. கடைப் பையனை 'டேய்' போட்டுக் கூப்பிடுவதற்குப் பதில் அவன் பெயரைச் சொல்லலாம்.

நோன்பில் பெரும்பாலும் கெடுவது நாக்குதான். பாதிக் குற்றம் காபியுடையது. தினம் நாலு டம்ளர் குடிப்பவர் சாம்பல் புதனன்று சட்டென்று நிறுத்தினால் மறுநாளுக்குள் மண்டையிடி வந்துவிடும். இரண்டாம் நாள் உச்சம், ஒரு வாரம்கூட இழுக்கும். அந்த எரிச்சல் முழுக்கப் பாத்திரம் துலக்க வரும் அக்காவின் தலையில் விடியும். விட நினைப்பவர்கள் இரண்டு வாரம் முந்தியே தொடங்கி, இரண்டு நாளுக்கு அரை டம்ளராகக் குறைத்து வர வேண்டும். அல்லது காபியைக் குடித்துவிட்டு அந்த அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள். வீட்டிலிருப்பவர்கள் குடிக்கும் அதே டம்ளரில்.

வெளிப்படுத்துவது பற்றி சாம்பல் புதன் நற்செய்தியே சொல்லிவிட்டது, மத்தேயு 6. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரியக் கூடாது என்று. நாம் விடியற்காலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூவுக்கு நடுவே வசனம் வைத்து இருநூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பலமுறை எழுதியாயிற்று, நிற்கவில்லை. அதற்கு அண்ணன் ஃப்ளெக்ஸ். பாடுபட்ட இயேசுவின் சுரூபம் ஒரு ஓரத்தில் தபால்தலை அளவில், கைகூப்பி நிற்கும் அன்பர்கள் பதினாறு பேர் ஆளுயரத்தில். ஈஸ்டர் ஃப்ளெக்ஸுக்கு வசூல் நோட்டோடு உங்கள் கடைக்கும் ஆள் வரும். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுங்கள். கேட்ட தொகையை அவர் கண்முன்னாலேயே டப்பாவில் போடுங்கள்.