மயக்க மாத்திரையா, முழிப்பு மாத்திரையா?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக் குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும்) என்று சொல்லி, மீத்தைல்ஃபெனிடேட் 5 மி.கி. காலையும் மதியமும் எழுதித் தந்திருக்கிறார்கள். "பிள்ளையை அடக்க மயக்க மாத்திரையா?" என்கிறார் மாமியார். இரண்டு வாரத்தில் வகுப்பில் முந்திரிக்கொட்டைத்தனம் குறைந்திருக்கிறது. ஆனால் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. சாயங்காலமானால் முன்னைவிட அதிகமாக ஆடுகிறான்.
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மாமியாரிடம் சொல்லுங்கள், இது மயக்குவதில்லை, தூண்டும் வகை மருந்து. நரம்பணுக்களுக்கு நடுவே சேதி கடத்தும் வேதிப்பொருட்களான டோபமைனும் நார்அட்ரினலினும் சேதி சொன்ன கையோடு திரும்ப உள்ளே இழுக்கப்பட்டுவிடும். அந்த வழியை மருந்து அடைப்பதால் இரண்டும் சற்று நேரம் கூடுதலாகத் தங்குகின்றன. பலன் முக்கியமாகத் தெரிவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையில். டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டால், அதை அங்கேயே நிறுத்துவது அந்தப் பகுதியின், குறிப்பாக அதன் வலப்புறக் கீழ்ப்பாகத்தின் வேலை. மருந்து எடுத்த பிள்ளைகளிடம் அந்த இடம் கூடுதலாக இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அளவு கூடினால் பலனும் கூடும் என்று நினைக்க வேண்டாம். தேவைக்கு மேல் போனால் அதே முன்மூளை தடுமாறும். பிள்ளை சிரிக்காமல், ஒரே இடத்தை வெறித்தபடி உட்கார்ந்திருந்தால் "நல்லா அடங்கிட்டான்" என்று மகிழாதீர்கள். டோஸ் அதிகமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். 5 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரை மெல்ல ஏற்றுவது இதற்காகத்தான்.

சாதாரண மாத்திரை அரை மணி நேரத்தில் பிடித்து, மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். மதிய மாத்திரை இறங்குகிற நேரம்தான் உங்கள் வீட்டு ஆட்டம். எந்த மணிக்கு ஆரம்பிக்கிறது என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். நேரத்தை மாற்றுவதா, நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்குப் போவதா என்று அவர் முடிவு செய்வார். அந்த வகையைப் பிள்ளை மெல்லவும் கூடாது, நீங்கள் பொடித்துக் கொடுக்கவும் கூடாது. மாலை ஆறு மணி டோஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், தூக்கம் போய்விடும்.

பசிக்கு ஒரு வழி: முதலில் நாலு இட்லி, பிறகு மாத்திரை. மதியம் தயிர்சாதம் மீந்தாலும் சண்டை போடாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பசி திரும்பும்போது வயிறு நிறையக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், டோஸ் மாறும்போதெல்லாம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சீட்டைக் காட்டியும் மூன்று மருந்துக்கடைகளில் மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை இல்லை என்றார்கள். ஏன்?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மீத்தைல்ஃபெனிடேட் 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. தனி உரிமம் உள்ள கடைதான் விற்கலாம். சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே பலர் வைப்பதில்லை. எழுதித் தந்த இடத்திலேயே கடையைக் கேளுங்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கிளம்புங்கள். "இதற்குப் பதில் ஆட்டோமாக்ஸெடின்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது வேறு மருந்து. எடையைக் கணக்கிட்டுத் தருவது, முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.