ஒரே பொத்தான், இரண்டு ஓட்டம்

கேள்வி: எங்கள் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால், வெப் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் இணையம் வழியே வேலை கேட்கும் வாயில்) வழியாகத் தானியங்கிப் பணியோட்டம் ஒன்று தொடங்கி, தரவைத் திரட்டி, மாத அறிக்கையைத் தயாரித்து, மின்னஞ்சலில் அனுப்புகிறது. பல சமயம் 30 விநாடியில், பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் தீர்ந்து, ‘டைம் அவுட்’ ஆகிவிடுகிறது. பயனர் மறுபடி அழுத்தினால் ஒரே அறிக்கை இரண்டு முறை போகிறது. டைம் அவுட் நேரத்தை நீட்டித்தால் போதுமா?

பதில்: போதாது. டைம் அவுட் ஆகும்போது, பதில் வரவில்லை என்பது மட்டும்தான் செயலிக்குத் தெரியும். வேலை நடந்ததா இல்லையா என்பது தெரியாது. நேரத்தை எவ்வளவு நீட்டித்தாலும் இந்த நிலை மாறாது.

முதலில், வேலையைத் தொடங்கும் அழைப்பு அது முடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஏபிஐ கோரிக்கையைச் சரிபார்த்து வரிசையில் சேர்த்ததுமே, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது, இன்னும் முடியவில்லை’ என்பதற்கான 202 என்னும் எச்டிடிபி குறியீட்டையும், அந்த ஓட்டத்தின் (பணியோட்டம் ஒருமுறை ஓடுவதன்) அடையாளப் பெயரையும் அனுப்பிவிட வேண்டும். அதன்பின் செயலி 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே நிலையை விசாரித்தால் போதும்.

ஆனால் அந்த 202 பதிலே வழியில் தொலைந்துபோகலாம். ஆகவே, ஓட்டத்தின் பெயரை ஏபிஐ தரட்டும் என்று விட்டுவிடாமல், அழைக்கும் பக்கமே உருவாக்கி, தன் தரவுத்தளத்தில் எழுதிவைத்த பிறகே கோரிக்கையை அனுப்ப வேண்டும். மறுமுயற்சி ஒவ்வொன்றிலும் அதே பெயர்தான் போக வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே புதிய யூயூஐடி (ஒவ்வொரு முறையும் வேறாக உருவாகும் தனி அடையாளம்) உருவானால், ஒவ்வொரு முயற்சியும் சர்வருக்குப் புது வேலையாகவே தெரியும். உங்கள் தேவைக்கு, வேலையிலிருந்தே பிறக்கும் பெயர்தான் சிறந்தது என்பேன். 417ஆம் வாடிக்கையாளரின் 2025 மார்ச் அறிக்கைக்கு ‘417-2025-03-1’ என்று பெயரிட்டால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பெயர் மாறாது; திருத்திய அறிக்கை வேண்டுமென்று பயனர் தெரிந்தே கேட்டால் மட்டும் கடைசி எண் கூடட்டும்.

பணியோட்டங்களை இயக்கும் மென்பொருளான அப்பாச்சி ஏர்ஃப்ளோவில் ஓட்டத்தின் பெயரை நீங்களே கொடுக்கலாம். அதே பெயரில் ஓட்டம் முன்பே இருந்தால் 409 குறியீடு வரும். அதைப் பிழையாகப் பயனருக்குக் காட்டாதீர்கள்; முன்பே தொடங்கிவிட்டது என்று கொண்டு, அந்த ஓட்டத்தின் நிலையைக் காட்டுங்கள். ஏபிஐ நீங்களே எழுதியதென்றால், பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுச் சேர்க்கும் முறை கைகொடுக்காது. ஒரே கணத்தில் வரும் இரு கோரிக்கைகளும் ‘இல்லை’ என்றே காணும். தரவுத்தளத்தில் அந்தப் பெயருக்கு ‘யூனிக்’ கட்டுப்பாடு (ஒரே பெயர் இரண்டாம் முறை சேராதபடி தடுப்பது) போட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், பணியோட்டத்தின் நடுவே ஒரு படி தோற்று மறுபடி ஓடும்போது மின்னஞ்சல் இரண்டாம் முறை போகக்கூடும். எனவே அனுப்பும் படியைத் தனியாகப் பிரித்து, முந்தைய படிகள் தோற்றால் அது மீண்டும் ஓடாதபடியும், அனுப்பியதும் அதைப் பதிவு செய்யும்படியும் அமையுங்கள்.

கேள்வி: அந்த ஏபிஐக்கான டோக்கனை (அதை அழைக்க அனுமதி தரும் ரகசியக் குறியீட்டை) மொபைல் செயலிக்குள்ளேயே வைக்கலாமா?

பதில்: கூடாது. செயலியின் கோப்பைப் பிரித்துப் பார்ப்பவர் எவரும் அதை எடுத்துவிடலாம். டோக்கன் உங்கள் சர்வரிலேயே இருக்கட்டும். பயனர் யார், எந்த அறிக்கையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதைச் சரிபார்த்த பிறகு, சர்வரே பணியோட்டத்தைத் தொடங்கட்டும். அந்த டோக்கனுக்கும், அந்த ஒரு பணியோட்டத்தைத் தொடங்கி அதன் நிலையைப் பார்ப்பதற்கு மேல் அனுமதி எதுவும் தர வேண்டாம்.