சோசின் நீர்த்தேக்கப் போர்: ஜெனரல் ஸ்மித்தைப் பற்றி இன்றும் பேசுவது ஏன்?

அவர் அவசரப்படாததால்தான். கொரியப் போரில், 1950 நவம்பரில், வட கொரிய மலைகளுக்குள் விரைந்து முன்னேறும்படி மேலிடம் நெருக்கியது. அமெரிக்க முதல் மரைன் (கடல்வழித் தாக்குதல் படை) டிவிஷனின் தளபதி ஆலிவர் ஸ்மித்துக்கு அதில் நம்பிக்கையில்லை. வேண்டுமென்றே மெல்ல நகர்ந்தார். நீர்த்தேக்கத்தின் தென்முனையிலுள்ள ஹகாரு-ரி ஊரில் உறைந்த மண்ணை வெட்டி விமான ஓடுதளம் போட வைத்தார். நவம்பர் 27 இரவு சீனப்படை தாக்கத் தொடங்கியது. காயம்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஓடுதளத்திலிருந்துதான் வெளியேற்றப்பட்டார்கள்.

குளிர் எப்படியென்றால், மருத்துவ உதவியாளர்கள் வலிநீக்கி மருந்தான மார்ஃபின் குப்பியை வாயில் அடக்கி இளக வைத்தார்கள். அப்புறம் பாலம்: கடற்கரை நோக்கிப் பின்வாங்கும் வழியில், ஃபுஞ்சிலின் கணவாயில் தகர்ந்துபோன பாலத்துக்கு மாற்றாக, பாராசூட்டில் இறக்கிய இரும்புத் துண்டுகளைப் பூட்டி, லாரிகளையும் டாங்கிகளையும் கடத்தினார்கள். டிசம்பரில் ஹங்நாம் துறைமுகம் சேர்ந்தார்கள்.

பின்வாங்கல்தான், சரி, ஆனால் படை குலையவில்லை. நீர்த்தேக்கத்துக்குக் கிழக்கே சிதைந்துபோன அமெரிக்கத் தரைப்படைப் பிரிவை இந்தப் புகழ் மறைத்துவிடுவதுதான் எனக்கு உறுத்தல்.