வீட்டு நிர்வாகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். மாமியாரும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் வண்டிச் சாவி, பிள்ளைகளின் அடையாள அட்டை, டிபன் டப்பாவின் மூடி என்று எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பரணை இறக்கிச் சுத்தம் செய்தும் திங்கட்கிழமைக் காலை மாறவில்லை. பாத்திரம் எதையும் கொடுத்துவிட மாமியார் சம்மதிப்பதுமில்லை. என்ன செய்யலாம்? — வாசகி, திருச்சி

பதில்: பரணில் இருப்பதை நாம் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் தொடுகிறோம். ஆகவே அங்கே எவ்வளவு குறைத்தாலும் காலை நேரம் மிச்சமாகாது. நேரம் கரைவதெல்லாம் கைக்கு எட்டும் இடங்களில்தான்: சமையல் மேடை, அதற்கு மேலுள்ள அலமாரித் தட்டு, வாசலருகே எல்லோரும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகும் மேசை.

ஒரு நாள் என் சமையலறையிலேயே நின்று கவனித்தேன். புளி ஜாடியை எடுக்க, முன்னால் இருந்த மூன்று டப்பாக்களை நகர்த்தி, அவற்றில் ஒன்றின் மேல் கவிழ்த்திருந்த கிண்ணம் விழாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, புளியை எடுத்த பின் எல்லாவற்றையும் மறுபடி வரிசையாக வைத்தேன். நகர்த்திய டப்பாக்களில் ஒன்றில் வண்டு விழுந்த ரவை இருந்தது. மற்ற இரண்டும் காலி. காலி டப்பாக்களுக்காகத் தினமும் இரண்டு வேளை கைவேலை செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. அடைசல் என்பது பொருள்களின் எண்ணிக்கை மட்டுமன்று. வேண்டியதை எடுக்க வேண்டாததை எத்தனை முறை நகர்த்துகிறோம் என்பதே அதன் சரியான அளவு.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் அஞ்சறைப் பெட்டிதான். கடுகு வெடித்துக் கருகுவதற்குள் உளுத்தம்பருப்பும் சீரகமும் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், தாளிப்புக்குச் சேர்ந்து வேண்டியவை ஒரே மூடிக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்கின்றன. சாவி, அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி, பேருந்துச் சில்லறை ஆகியவற்றுக்கும் வாசலருகே இப்படி ஒரு தட்டு வையுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவை அங்கே போய்விட வேண்டும். வேறு எதுவும் அதில் சேரக் கூடாது. டிபன் டப்பாக்களை ஒரு மாலை தரையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் மூடியைப் பொருத்திப் பாருங்கள். ஜோடி சேராதவற்றை அன்றே வெளியேற்றிவிடுங்கள். இவ்விரண்டையும் முதலில் செய்யுங்கள். பரண் அடுத்த கோடை விடுமுறை வரை காத்திருக்கலாம்.

மாமியாரைப் பொறுத்தவரை, அவர் அறியாமல் ஒரு கரண்டியைக்கூட அகற்ற வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். பெயர் பொறித்த எவர்சில்வர் குடமும் சம்படமும் அவர்களுக்குச் சீர்வரிசையின் நினைவு, யாரோ ஒருவர் கையால் வாங்கிய அன்பு. அவற்றைச் சமையலறையின் முன்வரிசையிலிருந்து பரணுக்கு மாற்ற மட்டும் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெயரில்லாத அடிபட்ட பாத்திரங்களைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, அவர் விரும்பும் புதிய பாத்திரம் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பீரோ முழுவதும் காகிதங்கள். எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது? — வாசகர், விருதுநகர்

பதில்: தொலைந்தால் மறுபடி பெற எவ்வளவு அலைய வேண்டும் என்று ஒவ்வொரு காகிதத்தைப் பார்த்தும் கேளுங்கள். வீட்டின் மூலப்பத்திரம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, அதன் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று நெடுவழி போக வேண்டியிருக்கும். ஆகவே பத்திரங்கள், பிறப்பு–இறப்புச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றுக்குத் தனிக் கோப்பு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டா நகலோ இணையத்திலேயே கிடைக்கிறது. மின் கட்டண விவரமும் அப்படியே; பழைய ரசீதுகளை மூட்டை கட்டி வைக்கத் தேவையில்லை.

உத்தரவாத ரசீதில் மட்டும் கவனம் தேவை. கடைகளில் இயந்திரம் அச்சடித்துத் தரும் வழுவழுப்பான தாள் வெப்பத்தால் எழுத்து தோன்றும் வகையைச் சேர்ந்தது. நாளாக நாளாக வெளிறி வெறுந்தாளாகிவிடும். பொருள் வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வேண்டாதவற்றைப் போகி வரை சேர்த்து வைத்து எரித்துவிடுவது எங்கள் வழக்கம். அது சரியா? — வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தால் விமானங்களே ரத்தாயின. அதே புகையைத்தான் குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் சுவாசித்தார்கள். பாய், துணி, தாள் மட்டும் இருந்த காலத்து வழக்கத்தை பிளாஸ்டிக்கும் டயரும் நிறைந்த வீட்டுக்குப் பொருத்த முடியாது. தவிர, போகிக்காகச் சேர்த்து வைக்கும் மூட்டை பதினொரு மாதம் உங்கள் வழியிலேயே கிடக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒரு பை மாட்டி, அது நிறைந்ததும் துணியைக் கேட்பவர்களுக்கும், தாளையும் இரும்பையும் பழைய பேப்பர் கடைக்கும், பிளாஸ்டிக்கைத் தூய்மைப் பணியாளரிடம் மட்காத குப்பையாகப் பிரித்தும் கொடுத்துவிடுங்கள். பழைய கைப்பேசிகளை அந்தப் பையிலும் போட வேண்டாம், பரணிலும் ஏற்ற வேண்டாம். கான்கிரீட் கூரையை ஒட்டிய கோடை வெப்பத்தில் அவற்றின் பேட்டரி உப்பிவிடும் ஆபத்து உண்டு. மின்னணுக் கழிவு பெற்றுக்கொள்ளும் இடத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும்.