பத்து நாள் கணக்கு: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

தாராவிப் பட்டறைப் பையன்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வேலை முடிந்ததும் மாகிம் பக்கம் ரயில் பாதையோரம் போய் உட்காருகிறவர்களைப் பற்றி அதில் எழுதியிருந்தீர்கள். என் தம்பியும் அங்கே உட்காருகிறவன்தான்.

வயது 24. தோல் பை தைப்பதில் கெட்டிக்காரன். மூன்று வருடமாகப் பவுடர், அதாவது ஹெராயின். வெள்ளித்தாளில் வைத்து இழுக்கிறான், ஊசி கிடையாது என்று சத்தியம் செய்கிறான். ஒருமுறை மாடி அறையில் பூட்டி வைத்தோம். மூன்றாம் நாள் தகரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அப்புறம் நாங்குநேரி பக்கம் எங்கள் ஊருக்கு அனுப்பினோம். நான்கு மாதம் தொடவே இல்லை. திரும்பி வந்த வாரமே பொதுக் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தான். உதடு கறுத்திருந்தது. வெயிலும் பித்தமும் என்று நினைத்து எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தோம், எழுந்துவிட்டான்.

இப்போது அப்பா பெண் பார்க்கச் சொல்கிறார். மாமா ஒரு தனியார் மையத்தைச் சொல்கிறார். வண்டியில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம், பத்து நாளில் சுத்தம் செய்துவிடுவார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை கொடுத்து அதற்கு அடிமையாக்கிவிடுவார்கள், போலீசுக்கும் சொல்லிவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் திருடக்கூடாதே என்று தினமும் நானே அவனுக்குக் காசு கொடுக்கிறேன். இது பாவமா? பத்து நாளில் விடுமா, விடாதா? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு அக்கா

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் டாக்டர் இல்லை. அந்தோப் ஹில்லில் இருந்த ஒரு நண்பருக்காக ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன், அங்கே டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கழிப்பறைச் சம்பவம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டி வரவே முடியவில்லை. அது பித்தமாக இருக்க வாய்ப்பே குறைவு. பவுடர் அளவு மீறியதால் மூச்சு அடங்கத் தொடங்கியிருக்கும், உதடு கறுத்தது அதனால்தான். நான்கு மாதம் ஊரில் தொடாமல் இருந்தானே, அந்த நான்கு மாதத்தில் அவன் உடம்பு பவுடரைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. திரும்பி வந்தவன் பழைய அளவையே இழுத்திருப்பான். போவதற்கு முன் அவனுக்குச் சாதாரணமாக இருந்த அளவு இப்போது உயிரை வாங்கும் அளவு. சிறையிலிருந்து வெளியே வருகிறவர்கள், மையத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் சில வாரங்களில் சாவது இப்படித்தான்.

இனி ஒருமுறை அப்படி நடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு கரகரப்பு, கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால், தெரிந்தவர் யாராவது வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். ‘பவுடர் எடுத்தவன்’ என்று வந்தவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நலோக்ஸோன் என்று ஓர் ஊசி உண்டு, சில நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். ஆனால் அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், பவுடர் உள்ளேயே இருக்கும். அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்து நாளில் விடுமா? உடம்பு விடும். ஹெராயின் நின்ற எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரத்தில் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கும். ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை உச்சம். எலும்புக்குள் குடைச்சல், வாந்தி, பேதி, புல்லரிப்பு, ஒரு நிமிடம் கால் ஓரிடத்தில் நிற்காது. பையன்கள் இதை டர்க்கி என்பார்கள், கேட்டிருப்பீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் தம்பி தகரத்தைப் பிரித்தது மூன்றாம் நாள். மருந்தே இல்லாமல் அந்த உச்சத்தில் ஒருவனைப் பூட்டி வைத்தால் தகரத்தைப் பிரிக்காமல் என்ன செய்வான்? ஊருக்கு அனுப்பும்போதும் இதேதான். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏற்றிவிடுகிறோம். சோலாப்பூர் தாண்டும்போது கொட்டாவி, குண்டக்கல்லில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருப்பான். கூடப் போகிற சித்தப்பா சோடா வாங்கிக் கொடுப்பார்.

இந்த வேதனை பெரும்பாலும் உயிரைக் கொல்லாது. ஆனால் வாந்தியிலும் பேதியிலும் நீர்ச்சத்து வற்றினால் கொல்லும். கூடவே சாராயமோ, இங்கே பட்டன் என்று விற்கிறார்களே அந்தத் தூக்க மாத்திரையோ பழக்கமிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். தம்பியிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள், அம்மா அப்பா முன்னால் வேண்டாம். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நாள் எப்படிப் போகும் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளே குடும்பங்கள் நர்ஸோடு சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். பையன் துடிக்கிறான், கையில் மருந்து இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்கிறார்கள். நாங்களும் கத்தினோம். அன்று வார்டில் இருந்த இளம் டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து நண்பரின் நாடியைப் பார்த்தார், கண்பாவையின் அகலத்தைப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தார், முழங்கைத் தோலைத் தடவி மயிர்க்கூச்செறிகிறதா என்று பார்த்தார். வியர்வை, கொட்டாவி, மூக்கு, வயிறு என்று மொத்தம் பதினொரு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். “இன்னும் ஆகவில்லை, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்க்கலாம்” என்று போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அவர்கள் கொடுக்கப் போவது ப்யூப்ரெனார்ஃபின். மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் இதுவும் உட்காரும். விரார் லோக்கல் ரயிலில் ஜன்னல் சீட்டைப் பிடித்த ஆசாமி மாதிரி, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவனைத் தள்ளிவிட்டு உட்காரும், அப்புறம் லேசில் எழுந்திருக்காது. ஆனால் ஹெராயின் தருகிற போதையில் ஒரு பங்கைத்தான் தரும், ஓர் அளவுக்கு மேல் மூச்சையும் அவ்வளவாக அழுத்தாது. ஹெராயின் இன்னும் உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் ஒரே நொடியில் எல்லாவற்றையும் வெளியே தள்ளி, மூன்றாம் நாள் வேதனையை முதல் மணி நேரத்திலேயே இழுத்து வந்துவிடும். அதனால்தான் காத்திருக்கிறார்கள். காத்திருந்து கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் தெளிந்து டீ கேட்பான். ப்யூப்ரெனார்ஃபின் வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தால் குளோனிடின் கொடுப்பார்கள். அது வியர்வை, படபடப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் ஆள் கூடவே இருந்து பார்க்க வேண்டும். வயிற்றுக்கு, வலிக்கு, தூக்கத்துக்குத் தனித்தனியாக மருந்து உண்டு. ஆக, பத்து நாளை அவன் தாங்கிவிடுவான்.

உங்கள் மாமா நிறுத்துகிற இடத்திலிருந்துதான் சிகிச்சையே தொடங்குகிறது. உடம்பைச் சுத்தம் செய்து மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் பெரும்பாலானவர்கள் திரும்பவும் தொடுகிறார்கள். தூக்கம் வராது, எதிலும் ருசி இருக்காது, பட்டறையில் பக்கத்து மெஷின்காரனின் சட்டையில் அந்த வாடை அடித்தாலே உடம்பு கேட்கும். இது மாதக்கணக்கில் போகும். பத்து நாளுக்கு முன் இருந்ததைவிடப் பதினோராவது நாள் அவன் செத்துப்போக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஆசை அப்படியே இருக்கிறது, தாங்கும் சக்தி போய்விட்டது. நான்கு மாதம் கழித்துக் கழிப்பறையில் நீங்கள் பார்த்தது அதுதான்.

அதனால்தான் மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள். ப்யூப்ரெனார்ஃபின், இன்னும் சில இடங்களில் மெத்தடோன். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கொடுக்கும் மையங்கள் முக்கியமாக ஊசி போடுகிறவர்களுக்கானவை. உங்கள் தம்பி மாதிரி இழுக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் எழுதித் தருவார்கள். அந்தோப் ஹில் நண்பரை ஒரு மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்த்திருக்கிறேன். நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார், கரையும்வரை பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும், கடைசியில் நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து நண்பர் நேராக டெம்போ ஓட்டப் போவார். வருடக்கணக்காக மாத்திரை எடுக்கிறார். பெண்ணைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறார்.

‘அதற்கு அடிமையாகிவிடுவான்’ என்கிற உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா? மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதற்கும் உடம்பு வலிக்கும், அது உண்மை. குறைப்பதென்றால் டாக்டர் சொல்லி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஆனால் காலையில் எழுந்ததும் இன்றைக்குக் காசு யாரிடம் என்று தேடாத ஒரு நாள் அவனுக்குக் கிடைக்கிறது. அதை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு வழி நால்ட்ரெக்ஸோன். அது போதையே ஏறாமல் தடுக்கும். ஹெராயினை நிறுத்தி ஏழு முதல் பத்து நாள் ஆன பிறகுதான் அதைத் தொடங்கலாம். தினமும் காலையில் உங்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும். எது பொருந்தும் என்று டாக்டர் சொல்லட்டும்.

வண்டியில் தூக்கிப் போகிறவர்களைப் பற்றி: வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும், சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது. எல்லா மையமும் மோசம் என்று சொல்லவில்லை. பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரைரா 1981-இல் தொடங்கிய கிருபா ஃபவுண்டேஷன் மாதிரி நீண்ட காலமாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் இங்கேயே உண்டு. ஆனால் ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, வாரம் ஒருமுறையாவது தம்பியைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு ‘எங்களிடம் விட்டுவிடுங்கள், மூன்று மாதம் மறந்துவிடுங்கள்’ என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

போலீஸ் பயம் புரிகிறது. சிகிச்சைக்குப் போவது குற்றம் கிடையாது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, நுகர்வு வழக்கோ சிறு அளவு வழக்கோ உள்ளவர்கூட அரசு அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்குப் போய் அதை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும்.

கல்யாணம். அப்பாவுக்கு நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: யார் வீட்டுப் பெண்ணோ வந்து உங்கள் மகனுக்கு மருந்தாக முடியாது. மாத்திரை எடுத்து, ஒழுங்காக வேலைக்குப் போய், அவனே கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம், அப்போதும் பெண் வீட்டில் மறைக்காமல். நம் குடும்பத்துக்கு மட்டும் ஏன் என்று அவர் புலம்பினால் இன்னொன்றும் சொல்லுங்கள். 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர் அபின் வகைகளில் ஏதோ ஒன்றை எடுக்கிறார்கள், அதில் ஹெராயின்தான் அதிகம்.

காசு கொடுப்பது பாவமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் கொடுக்காவிட்டால் அவன் விட்டுவிடப் போவதில்லை, வேறு எங்காவது கை வைத்து அடி வாங்குவான். ஆனால் இனி கொடுக்கும் காசோடு ஒரு தேதியையும் சொல்லுங்கள். உங்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம், பரேலில் கேஇஎம் இருக்கிறது. மனநலப் பிரிவு புறநோயாளிப் பகுதிக்கு என்று கேட்டுக் கேஸ் பேப்பர், அதாவது ஓபி சீட்டு, எடுக்க வேண்டும். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14446 என்ற அரசு உதவி எண்ணில் கேட்கலாம். காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம். கிளம்பும்முன் அவன் பவுடர் இழுத்திருந்தால் திட்டாதீர்கள், கடைசியாக எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போகிற கேள்விகளில் அது ஒன்று.