மாக் டெஸ்ட் மார்க் ஏன் நகரவில்லை? கேட் கணினி அறிவியல்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

எம்.டெக்., எம்.எஸ். படிப்புகளுக்கான ‘கேட்’ தேர்வில் கணினி அறிவியல் தாளை எழுதவிருக்கும் மாணவர்களும் அவர்களது பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. தேர்வின் அமைப்பு தெரியாதவர்களுக்கு: 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். முழுவதும் கணினியில்தான்.

பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். எல்லாப் பாடத்துக்கும் வீடியோ பார்த்து நோட்ஸ் எடுத்து முடித்துவிட்டேன். ஆனாலும் மாக் டெஸ்ட் எழுதினால் 32, 35-ஐத் தாண்டவில்லை. மறுபடி முதலிலிருந்து வீடியோ பார்க்கட்டுமா?
– மாணவி, கோவில்பட்டி

வேண்டாம். இரண்டாவது முறை பார்க்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும், ஆபத்தே அதுதான். எந்தச் சூத்திரம் போட வேண்டும் என்பதை ஆசிரியர் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வீடியோவில் கணக்கைத் தொடங்குகிறார். தேர்வில் உங்களிடம் கேட்பது அந்த முடிவைத்தான்.

கடைசியாக எழுதிய மூன்று மாக் டெஸ்ட்டுகளை எடுங்கள். தவறாகப் போட்டது, விட்டுவிட்டது என ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: தெரியாது, கணக்குப் பிழை, தப்பாக வாசித்தது, நேரமில்லை. ‘தெரியாது’ என்பது ஒரே பாடத்தில் குவிந்திருந்தால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் திரும்பப் போகலாம். மற்ற மூன்றும்தான் அதிகம் என்றால், எத்தனை வீடியோ பார்த்தாலும் மார்க் நகராது.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு வழக்கமான கணக்கைப் பாருங்கள். டிஎல்பி (அண்மையில் பயன்படுத்திய முகவரி விவரங்களை வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) தேடல் 10 நானோ நொடி, மெமரி அணுகல் 100 நானோ நொடி, டிஎல்பி ஹிட் (தேடியது அதிலேயே கிடைப்பது) 90 சதவீதம். பேஜ் டேபிள் (எந்தப் பக்கம் மெமரியில் எங்கே என்று சொல்லும் அட்டவணை) மெமரியில் இருக்கிறது, பேஜ் ஃபால்ட் (தேவையான பக்கம் மெமரியில் இல்லாமல் போவது) இல்லை. சராசரி அணுகல் நேரம் என்ன? ஹிட் ஆனால் 10 + 100 = 110. மிஸ் ஆனால் பேஜ் டேபிளுக்கு ஒருமுறை, டேட்டாவுக்கு ஒருமுறை மெமரிக்குப் போக வேண்டும்: 10 + 100 + 100 = 210. ஆக, 0.9 × 110 + 0.1 × 210 = 120 நானோ நொடி. பேஜ் டேபிளுக்குப் போவதை மறந்தவருக்கு 110 வரும். அந்த 110 விருப்ப விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். இதே கேள்வியில் ‘இரண்டு அடுக்கு பேஜ் டேபிள்’ என்று சேர்த்துவிட்டால் மிஸ் 310 ஆகிறது, விடை 130 ஆகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில்தான் சறுக்குவார். நோட்டில் சூத்திரத்துக்குப் பதிலாக ‘மிஸ் ஆனால் மெமரிக்கு எத்தனை முறை போகிறோம் என்று எண்ணு’ என எழுதி வையுங்கள்.

இனி உங்கள் நாளின் பெரும்பகுதி பழைய கேள்வித்தாள்களுக்குப் போகட்டும். பாடவாரியாகப் பிரித்து, விடையை மறைத்துக்கொண்டு போடுங்கள். தவறியதை ஒரு வாரம் கழித்துப் புதுத் தாளில் மறுபடி போடுங்கள். கடைசி மூன்று வருடத் தாள்களை மட்டும் தொடாமல் வைத்திருந்து, ஜனவரியில் மூன்று மணி நேரம் முழுதாக உட்கார்ந்து எழுதுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விகள் 2021-ல்தான் வந்தன. அதற்கு முந்தைய தாள்களில் அந்தப் பயிற்சி கிடைக்காது. அதனால் பழைய கேள்வியிலும் நான்கு விருப்பங்களையும் தனித்தனியாகச் சரியா தவறா என்று பார்த்துப் பழகுங்கள்.

எண்ணை நாமே உள்ளிடும் கேள்விகளில் வழிமுறை சரியாக இருந்தும் விடை கொஞ்சம் தள்ளிப்போகிறது. ஏன்?
– மாணவர், ஈரோடு

பெரும்பாலும் அலகு. மெமரிக் கணக்கில் ஒரு கிலோ என்றால் 1024, நெட்வொர்க் வேகத்தில் 1000. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? ஸ்டாப் அண்ட் வெயிட் முறை (ஒரு ஃபிரேமை அனுப்பி, ஒப்புகை வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது), வேகம் 1 எம்பிபிஎஸ், ஒருவழிப் பயண நேரம் 20 மில்லி நொடி, ஃபிரேம் 1000 பைட், ஒப்புகைச் செய்தியின் அளவைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். 8000 பிட்டை அனுப்ப 8 மில்லி நொடி, போய்வர 40. பயன்பாடு 8/48, அதாவது 16.67 சதவீதம். மெகாவை 2-ன் 20-ஆம் அடுக்காக எடுத்தவருக்கு 16.02 வரும். இந்த வகைக் கேள்வியில் விடை ஒரு சிறிய வரம்புக்குள் இருந்தால்தான் மதிப்பெண், அந்த வரம்புக்குள் 16.02 வராது.

இன்னொரு காரணம், பாதியிலேயே முழு எண்ணாக்குவது. கடைசி வரிவரை பின்னமாகவே கொண்டுபோங்கள், கேட்ட தசம இடத்துக்குக் கடைசியில் ஒரேயொரு முறை சுருக்குங்கள். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும், விடை எண்ணையும் திரையிலுள்ள விசைகளில்தான் தட்ட வேண்டும். வீட்டில் கைக் கால்குலேட்டரில் பழகியவர்களுக்கு அங்கே வேகம் விழும். மாக் டெஸ்ட்டிலும் மவுஸை மட்டுமே பயன்படுத்துங்கள்.

நெகட்டிவ் மார்க் இருப்பதால் தெரியாததைத் தொடவே கூடாது என்கிறார் சீனியர். சரியா?
– மாணவர், வேலூர்

பாதி சரி. ஒரே விடை கொண்ட கேள்விக்குத்தான் நெகட்டிவ்: ஒரு மதிப்பெண் கேள்வி தவறினால் 1/3, இரண்டு மதிப்பெண் கேள்வி தவறினால் 2/3 போகும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை: 1/4-ல் கிடைப்பதை 3/4 × 1/3 தின்றுவிடும். ஒரு விருப்பம் நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தாலே கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது (ஒரு மதிப்பெண் கேள்வியில் சராசரி 1/9). இரண்டைத் தள்ள முடிந்தால் தயங்காமல் போடுங்கள். ஆனால் ‘நிச்சயமாக’ என்ற சொல் முக்கியம். ‘அப்படித்தான் இருக்கும் போல’ என்று தள்ளியது கணக்கில் சேராது.

எண்ணை உள்ளிடும் கேள்விக்கும் பல விடைக் கேள்விக்கும் நெகட்டிவ் கிடையாது. அவற்றைக் காலியாக விட்டு வருவது வீண். பல விடைக் கேள்வியில் பகுதி மதிப்பெண் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: சரியான மூன்றில் இரண்டை மட்டும் தேர்ந்தால் பூஜ்யம்தான்.

விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘பிறகு பார்க்க’ என்று குறித்து வைத்தாலும் அது மதிப்பீட்டுக்குப் போகும். சந்தேகத்தில் குறித்துவைத்த விடையை நீக்க நினைத்தால், நேரம் முடியும் முன் அழித்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்தே தொடங்க நினைக்கிறேன். எந்தப் பாடம் முதலில்?
– மாணவி, திருவண்ணாமலை

டிஸ்க்ரீட் கணிதம். அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், டேட்டாபேஸ் மூன்றுமே அதன்மேல்தான் நிற்கின்றன. அதன் பிறகு இரண்டு சங்கிலிகள். டிஜிட்டல் லாஜிக், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்று: கேஷில் முகவரியை டேக், செட், ஆஃப்செட் என்று பிரிக்கும் கணக்கும் பேஜிங்கில் முகவரியைப் பிரிக்கும் கணக்கும் அண்ணன் தம்பி, அடுத்தடுத்துப் படித்தால் பாதி உழைப்பு மிச்சம். தியரி, கம்பைலர் இன்னொன்று. நெட்வொர்க்கையும் டேட்டாபேஸையும் கல்லூரியில் அவை வரும் செமஸ்டரோடு சேர்த்து முடித்துவிடலாம். சி நிரல்களை மட்டும் தினமும் இரண்டையாவது பேப்பரில் கையால் ஓட்டிப் பாருங்கள். பாயின்டரும் ஸ்டாட்டிக் மாறியும் உள்ள ரிகர்ஷனாகத் தேடி எடுங்கள். கணினியில் ஓட்டி விடை பார்ப்பது இதற்குப் பயிற்சி ஆகாது.

எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது பொது ஆப்டிடியூட். அதற்கு 15 மதிப்பெண், பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13. நூற்றில் கால் பங்குக்கு மேல்! லீனியர் அல்ஜீப்ராவில் ஒரு குறுக்குவழி: ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம், பெருக்குத்தொகை டிடர்மினன்டுக்குச் சமம். இந்த இரண்டையும் பார்த்தாலே பல சமயம் தவறான விருப்பங்கள் உதிர்ந்துவிடும். மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுத அனுமதி உண்டு. ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

மகனைக் கோச்சிங்கில் சேர்க்கக் கடன் வாங்க வேண்டிய நிலை. அவசியமா?
– தந்தை, அருப்புக்கோட்டை

கடன் வாங்கிச் சேர்க்க அவசியமில்லை. ஐஐடி பேராசிரியர்களின் முழுப் பாட வகுப்புகள் என்பிடெல் என்ற இணையதளத்தில் இலவசம், பழைய தாள்களும் இலவசம். காசு செலவழிப்பதென்றால் ஒரு டெஸ்ட் சீரிஸுக்குச் செலவழியுங்கள்.

இரண்டு அரியர் இருக்கிறது. எழுதலாமா?
– மாணவர், கடலூர்

எழுதலாம். சேரும்போது பட்டம் முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நவம்பர் தேர்விலேயே அரியரை முடிக்கப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் சான்றிதழ் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?
– மாணவி, தேனி

நம் ஊரில் பலர் இடறுவது இங்கேதான். கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில இட ஒதுக்கீட்டுக்கானது. ஐஐடி, என்ஐடிக்கு மத்திய அரசு வடிவத்திலான ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க நாளாகும், கடைசித் தேதியை நம்பாதீர்கள். சேர்க்கையின்போது அந்த நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்க வேண்டி வரலாம்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், தேர்வு மையத்துக்குக் கொண்டுபோகப் போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே விண்ணப்பத்தில் பெயர் கொடுங்கள்.

மார்க் வந்த பிறகு ஐஐடியில் இடம் தானாக வருமா?
– மாணவர், நாகர்கோவில்

வராது. மார்ச்சில் முடிவு வந்ததும் விரும்பும் ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் தரும் இடத்தை ஏற்பது, வைத்துக்கொண்டு காத்திருப்பது, மறுப்பது எல்லாம் கோஆப் என்ற பொதுத் தளத்தில் நடக்கும். கோஆப்பில் பதிவு செய்ததே விண்ணப்பம் என்று நினைத்து எங்குமே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. சுற்று நடக்கும் நாட்களில் தளத்தைத் தினமும் பாருங்கள். பதில் சொல்லாமல் விட்டால் அந்த இடம் கைநழுவும். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற வேறு கலந்தாய்வு, அதில் ஒரே பதிவில் விருப்ப வரிசை கொடுக்கலாம். ஐஐடி மெட்ராஸ் எம்.எஸ். போன்ற ஆராய்ச்சிப் படிப்புக்கு கேட் ஸ்கோர் அழைப்பு வரைக்கும்தான்; அதன் பிறகு எழுத்துத் தேர்வு, நேர்முகம் எனத் துறையே சோதிக்கும். அண்ணா பல்கலைக்கழக எம்.இ.க்கு கேட் ஸ்கோரிலும் போகலாம், சீட்டா பிஜி தேர்விலும் போகலாம்.

100-க்கு எடுத்த மார்க் வேறு, 1000-க்குத் தரும் ஸ்கோர் வேறு. சேர்க்கையில் பெரும்பாலும் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். அந்த வருடத் தாளின் கடினத்தைப் பொறுத்து ஸ்கோர் கணக்கிடப்படுவதால், போன வருட மார்க்கை வைத்து இந்த வருடக் கட்-ஆஃபை ஊகிக்க முடியாது. ஸ்கோரோடு ஸ்கோரை ஒப்பிடுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அது செல்லும். இந்த முறை வேலைக்குப் போய்விட்டாலும் அடுத்த ஆண்டு அதே ஸ்கோரில் விண்ணப்பிக்கலாம்.