பிராந்திய அபிவிருத்தி நிதி ஒரு நாட்டின் கைத்தொழில் வளர்ச்சிக்கு எவ்வாறு உதவுகிறது?

தலைநகரை அண்டியே தொழிற்சாலைகள் குவிவதற்குக் காரணம், துறைமுகமும் மின்சாரமும் வங்கிகளும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் அங்கே ஏற்கனவே இருப்பதுதான். தொலைவிலுள்ள மாவட்டமொன்றில் தனி முதலீட்டாளர் ஒருவர் அவற்றையெல்லாம் தம் செலவில் அமைத்துக்கொள்ள முடியாது. பின்தங்கிய பகுதிகளை முன்னேற்ற ஒதுக்கப்படும் பொதுப் பணமே பிராந்திய அபிவிருத்தி நிதி; அந்தப் பொதுச் செலவை ஏற்பதே அதன் முதல் வேலை. ஐரோப்பாவில் இதற்கெனத் தனி நிதியமே 1975 இல் உருவாக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதன்று. சுண்ணக்கல் கிடைத்தபடியால் காங்கேசன்துறையில் அரச முதலீட்டில் எழுந்த தொழிற்சாலையின் சீமெந்து, தீவின் பிற பகுதிகளுக்கும் சென்றது. 1990 இல் போரினால் அது மூடப்பட்டபோது, வேலையாட்களோடு லொறிக்காரர், இரும்பு வேலை செய்வோர், கடைக்காரர் என அதைச் சார்ந்திருந்தோரின் பிழைப்பும் போயிற்று. ஒரு முதலீடு எத்தனை சிறு தொழில்களைத் தாங்குகிறது என்பதை அந்த இழப்பு எமக்கு உணர்த்தியது.

போருக்குப் பின் இந்திய உதவியுடன் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை புனரமைக்கப்பட்டது. 2014 இல் புகையிரதமும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. ஆயினும் பாதையும் கட்டடமும் மட்டும் போதா என்பதே என் உறுதியான கருத்து. பனம் பொருள், மீன், பழம் ஆகியவற்றைப் பதப்படுத்தும் சிறு முயற்சியாளருக்கு, ஈடு வைக்கக் காணியில்லாவிடினும் கிடைக்கக்கூடிய குறைந்த வட்டிக் கடனும், இயந்திரங்களை இயக்கிப் பராமரிக்கும் பயிற்சியும் அதே நிதியிலிருந்து வந்து சேர வேண்டும்.